ரப்பர் மரங்களை வெட்டுமுன் தொல்லியல் கள ஆய்வு: வழிகாட்டல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறையை அடுத்த மலைச்சரிவில், பால்வெட்டு நின்றுபோன தனியார் ரப்பர் தோட்டம் ஒன்றில் மரங்களை வெட்டி மறுநடவு செய்ய ஏற்பாடு நடந்து வருகிறது. அதன் ஓடைக்கரையில், மழையில் மண் கரைந்த இடத்தில், உட்புறம் கறுத்தும் வெளிப்புறம் சிவந்தும் உள்ள பானை ஓடுகளும், பாதி புதைந்து செங்குத்தாக நிற்கும் மூன்று பலகைக் கற்களும் தெரிகின்றன. அவை கற்பதுக்கையின், அதாவது இறந்தோருக்காகப் பலகைக் கற்களால் அமைத்த பழங்காலக் கல்லறையின், பக்கக் கற்களாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அறிந்தவர்கள் நேரில் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

மரம் சாய்வதைவிட, வேரைப் பிடுங்க ஜேசிபி இறங்குவதும், தடி ஏற்றும் லாரிக்குப் பாதை வெட்டுவதும், மறுநடவுக்குக் குழி தோண்டுவதுமே எனக்குப் பெரிய அச்சம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1846-க்கு முற்பட்ட தொல்லிடங்களைச் சட்டம் பாதுகாப்பதால், மரவெட்டுக்கு முன் தொல்லியல் மதிப்பீடு செய்யும் நடைமுறை அங்கு உண்டு. நம் மாவட்டத்திலோ சிதறால் மலைச் சமணச் சிற்பங்களைப் போல அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்குக் காவல் இருக்கிறது. பெயரே இல்லாத ஓடைக்கரைக்கு இல்லை.

மாநிலத் தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் இத்தகைய மனு அளித்த அனுபவமுள்ளவர்கள், அதில் எந்தெந்த விவரங்களைச் சேர்க்க வேண்டும் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். தோட்ட உரிமையாளர் ஆய்வுக்கு இசைந்துள்ளார். ஓடைக்கரைப் பகுதியைக் கடைசியில் வெட்டவும் ஒப்புக்கொண்டார். ஓடு எதையும் நாங்கள் எடுக்கவில்லை. புதையல் தேடுவோருக்கு வழிகாட்டிவிடக் கூடாது என்பதால், சரியான இடத்தையும் படங்களையும் தனிச்செய்தியில் மட்டுமே அனுப்புவேன்.