தாமஸ் வாய் திறந்த கதை: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

லெஸ்டர்வாசி:
என் பையன் 2007-இல் பிறந்தவன். அவன் டிவி பார்க்க ஆரம்பித்தபோது, பேசும் ரயில் இஞ்சின்களைப் பற்றிய குழந்தைகள் தொடரான ‘தாமஸ் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ முழுக்கக் கணினி அனிமேஷனாகிவிட்டது. பழைய பொருள் விற்கும் சாரிட்டி கடையில் பழைய சீசன் டிவிடி ஒன்று மலிவாகக் கிடைக்க, ஆசையாக வாங்கி வந்து போட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து, "அப்பா, தாமஸ் ஏன் வாயை அசைக்காமலே பேசுது?" என்றான்.

அது நிஜ பொம்மைடா என்றேன். 1984-இல் தொடர் தொடங்கியபோது எல்லாமே தண்டவாளத்தில் ஓடிய மாடல்கள்தான். முகத்தைக் கழற்றி மாட்டுவார்கள். சிரிப்புக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று. கண் மட்டும் ரிமோட்டில் உருளும். வாய் அசையாததால், பாட்டி கதை சொல்வது போல ஒரே ஆள் எல்லா இஞ்சினுக்கும் பேசிவிடலாம். முதல் இரண்டு சீசனுக்கு அந்த ஆள் பீட்டில்ஸ் இசைக்குழு டிரம்மர் ரிங்கோ ஸ்டார்! 2009-இல் ‘ஹீரோ ஆஃப் தி ரெயில்ஸ்’ படத்தோடு வாய் அசைய ஆரம்பித்தது, கூடவே ஆளுக்கொரு குரலும் வந்துவிட்டது.

அதற்கு முந்தைய வருஷம் மாடல் உடம்பில் கணினி முகத்தை ஒட்டி ஒரு சீசன் எடுத்தார்கள். பழைய சட்டைக்குப் புதுக் காலர் தைத்த மாதிரி. எனக்கு அதுதான் சகிக்கவில்லை.

தாமஸின் நண்பனான பச்சை இஞ்சின் பெர்சி கடலில் விழும் பழைய காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். தெறித்த துளி ஒவ்வொன்றும் அவன் கண் அளவு இருந்தது. இஞ்சினைச் சின்னதாகச் செய்யலாம், தண்ணீரைச் சின்னதாக்க முடியாதே! எனக்கு அந்தப் பெரிய துளிகள்தான் பிடிக்கும். பையன் கட்சி வேறு: "புதுசுல ரயில்வே முதலாளி தொப்பிக்காரர் நடக்கிறார்ப்பா, இதுல கம்பம் மாதிரி நிக்கிறார்." சரி, அதுவும் நியாயம்தான்.

குன்னூர்க்காரி:
சகோ, கணினியை முழுசாகத் திட்டாதீர்கள். அது வந்த பிறகுதான் எங்கள் ஊர் இஞ்சினுக்கு இடம் கிடைத்தது. 2016-இல் வந்த ‘தி கிரேட் ரேஸ்’ படத்தில் வரும் அஷிமா என்ற இஞ்சின் நம் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் இஞ்சினைப் பார்த்துச் செய்தது.

அக்கா மகளுக்கு அஷிமா என்றால் உயிர். மேட்டுப்பாளையத்தில் "இதோ உன் அஷிமா" என்று காட்டினேன். "இது ஏன் சித்தி நீலமா இருக்கு? பிங்க்கா இல்லையே?" என்று முகம் தொங்கிவிட்டது. பூ வேலைப்பாடும் இல்லை, முகமும் இல்லை. முன்பெட்டியில் இடம் பிடித்திருந்தோம். வண்டி கிளம்பியதும் எட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடி இஞ்சினே இல்லை!" என்று அலறினாள். இங்கே இஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும் என்று விளக்கினேன். கல்லாறு தாண்டியதும் இஞ்சினின் பல்சக்கரம் நடுவில் உள்ள பல் தண்டவாளத்தைக் கடித்துக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், சமாதானமாகிவிட்டாள். "அஷிமா பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு தள்றா" என்று குன்னூர் வரை வந்த பாட்டி தாத்தாக்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். கரித்தூள் விழுந்து என் வெள்ளைத் துப்பட்டா போனதுதான் மிச்சம்.

பழையடேப்பு:
எங்கள் வீட்டிலும் இதே பஞ்சாயத்து நடந்தது. 2021-இல் தாமஸைத் தட்டையான 2டி கார்ட்டூனாக மாற்றிவிட்டார்கள், பார்த்தீர்களா? என் சின்னவன் இப்போது அதைத்தான் பார்க்கிறான். கல்லூரிக்குப் போகும் பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க காலத்து தாமஸ் எவ்வளவு நிஜமா இருக்கும் தெரியுமா" என்று அலுத்துக்கொள்கிறான். அவன் சொல்வது கணினி தாமஸை!