கடல் உள்வாங்கினால் ஓடு: இது நம் கரைக்குச் சரிவருமா?

பாம்பன்காற்று:
ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கி நாட்டுப்படகெல்லாம் தரைதட்டி நிற்கிறது என்று வாட்ஸாப்பில் படம் வந்தது. உடனே சுனாமி பேச்சு. ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். சுமத்ரா பக்கம் சிமுலுவே என்று ஒரு தீவு. 1907-ல் அங்கே பேரலை அடித்து ஏகப்பட்ட சாவு. அதற்குப் பிறகு ‘ஸ்மோங்’ என்று ஒரே ஒரு சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச்சொல்லி வளர்த்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு, அவ்வளவுதான். 2004-ல் அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர். எழுபதாயிரத்துக்கும் மேல் பிழைத்தார்கள். எந்தக் கருவியும் கிடையாது. நமக்கு ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம், கடலில் மிதவை, கம்ப்யூட்டர் எல்லாம் இருந்தும் 2012 ஏப்ரல் 11 அன்று மெரினாவைக் காலி செய்ததுதான் மிச்சம். அலை வந்ததா?

அடிஸ்கேல்:
சிமுலுவே மக்களை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் விதியை அப்படியே எடுத்து நாகப்பட்டினத்தில் வைத்தால் ஆபத்து. ஏனென்றால் 2004-ல் நம் கரைக்கு முதலில் வந்தது அலையின் பள்ளம் அல்ல, மேடு.

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மேசை விளிம்பில் பிடித்து நுனியைக் கீழே அழுத்துங்கள். நடுவில் லேசாகப் புடைக்கும். விட்டால் நுனி விருட்டென்று எழும், புடைப்பு அமுங்கும். சுமத்ராவில் நடந்தது இதுதான். பூமியின் மேலோடு பெரிய பாறைத்தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அதில் இந்தியத் தட்டு அடியில் நுழைந்துகொண்டே மேல்தட்டின் நுனியையும் பல நூறு வருடமாகக் கீழே இழுத்திருந்தது. 26-ம் தேதி காலை 6.28-க்கு அது விடுபட்டது. பிளவு அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு ஓடியது. எழும்பிய நுனி மேற்கே, நம்மைப் பார்த்த பக்கம். அமுங்கியது கிழக்கே. அதனால்தான் தாய்லாந்தில் முதலில் கடல் வற்றியது, இங்கே முதலில் ஏறியது. சென்னைத் துறைமுகத்தின் அலைமானியில் 9.05 வாக்கில் பதிவானதும் ஏற்றம்தான். மெரினாவில் கடல் உள்வாங்கியது அந்த முதல் அலைக்குப் பிறகு. அதை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் கதை எல்லோருக்கும் தெரியும்.

ராமேஸ்வரம் விஷயம் வேறு. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். காற்று திசை மாறினாலே தண்ணீர் ஒதுங்கும்.

சங்கப்பலகை:
‘கடற்கோள்’ என்று அருமையான சொல் இருக்க எல்லோரும் ஏன் ஜப்பானியச் சொல்லையே பிடித்துக்கொண்டு...

பாம்பன்காற்று:
ஐயா, அந்தச் சண்டைக்குத் தனி இழை திறங்கள், வருகிறேன்.

அடிஸ்கேல் சொன்ன மேடு-பள்ளம் எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்மோங்கில் பாதி நிலநடுக்கம். 2004-ல் சென்னையிலும் லேசாக ஆடியது. அதைக் கடலோடு சேர்த்து நினைக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால் இரண்டரை மணி நேரம் கையில் இருந்திருக்கும். கருவியைவிட அது மலிவு.

அடிஸ்கேல்:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். 2012-லும் சென்னையில் நன்றாகவே ஆடியது, அலுவலகங்களைவிட்டு எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். உங்கள் விதிப்படி அன்றைக்கும் ஓடியிருக்க வேண்டும். கருவி செய்த ‘தப்பை’ ஸ்மோங்கும் செய்திருக்கும்!

2012-ல் வந்தது 8.6 அளவு நடுக்கம். ஆனால் இரண்டு பக்கமும் கிடைமட்டமாக உரசி நகர்ந்த நடுக்கம். கடல்தரை மேலே எழவில்லை, தண்ணீரைத் தூக்க ஆளில்லை. சுமத்ரா கரையிலேயே சுமார் 1 மீட்டர்தான். நடுக்கத்தின் அளவு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். நிலம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது தெரியக் கூடுதல் நேரம் ஆகும். அந்த இடைவெளியில் காத்திருக்கச் சொல்கிறீர்களா?

முத்து_நிரலி:
கம்ப்யூட்டரைத் திட்டியதால் வருகிறேன். நடுக்கம் வந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட நேரம் கிடையாது. இந்த இடத்தில் இவ்வளவு பெரிய நடுக்கம் வந்தால் எந்த ஊருக்கு எத்தனை நிமிடத்தில் எவ்வளவு உயரம் என்று முன்னாலேயே ஆயிரக்கணக்கில் போட்டு அடுக்கியிருக்கிறார்கள். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உருவான டுனாமி என்2 என்ற நிரல்தான் அடிப்படை.

இதில் வரும் நேரத்தை நம்பலாம். அலை நீளம் நூற்றுக்கணக்கான கி.மீ., கடல் ஆழமோ 4 கி.மீ. அதனால் வேகம் ஆழத்தைத்தான் பொறுத்தது. 4,000 மீட்டரில் மணிக்கு 700 கி.மீ.க்கு மேல். 10 மீட்டரில் 36 கி.மீ. முன்னால் போவது தயங்க, பின்னால் வருவது நெருக்க, உயரம் நாலரை மடங்கு ஆகும். 2004-ல் வங்கக்கடல் மேலே தற்செயலாகப் போன ஜேசன்-1 செயற்கைக்கோள் கண்டது சுமார் 60 செ.மீ. உயரம்தான்.

உயரத்தைக் கணிப்பதுதான் தொல்லை. பாம்பன்காற்று சொல்வதில் பாதி நியாயம் அங்கே இருக்கிறது. 2004-ல் ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதல் அறிவிப்பில் நடுக்கத்தின் அளவு 8.0 என்றது. பிறகுதான் 9-ஐத் தாண்டியது என்று தெரிந்தது. அதனால்தான் தண்ணீரையே கேட்க வேண்டியிருக்கிறது. கடலடியில் அழுத்தமானி. மேலே தண்ணீர் 1 செ.மீ. ஏறினாலும் அதற்குத் தெரியும். ஒலியாக மிதவைக்கு அனுப்பும், மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்பும்.

வலைக்காரன்_நாகை:
அந்த மிதவையைப் பற்றி நான் சொல்கிறேன். மிதவைக்கு அடியில் மீன் அடையும், அது தெரியாத தொழிலாளி கிடையாது. சங்கிலியில் படகைக் கட்டி ராத்தங்கல் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வலை சிக்கினால் அறுக்கிறார்கள். அது எதற்கு மிதக்கிறது என்று துறைமுகத்தில் வந்து எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அதனால் பாம்பன் அண்ணன் கட்சியில் பாதி, உங்கள் கட்சியில் பாதி.

முத்து_நிரலி:
அண்ணே, இது எங்கள் ஆட்களின் தப்புத்தான். ஒன்று கேட்கிறேன். எச்சரிக்கை வரும்போது கடலில் இருந்தால் உங்கள் ஊரில் என்ன செய்வார்கள்?

வலைக்காரன்_நாகை:
கரைக்குத்தான் திருப்புவார்கள் தம்பி. வீடு அங்கேதானே இருக்கிறது. ஆழத்துக்குப் போ என்பது புத்திக்குத் தெரியும், கை கேட்காது. 2004-ல் அப்பா வெளிக்கடலில் இருந்தார். படகு ஏறி இறங்கியதுகூடத் தெரியவில்லை என்பார். மத்தியானம் கரை பக்கம் வரும்போது எதிரே கதவு ஒன்று மிதந்து வந்ததாம். நீலக் கதவு. யார் வீட்டுடையது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது என்பார், அதற்கு மேல் சொல்ல மாட்டார்.