ஹேவிங்: 'உடைய' வேண்டாம், 'திரள்வடி' எப்படி?

வணக்கம். எஸ்கியூஎல் (SQL) என்ற தரவுத்தள வினவல் மொழியில் வரும் 'ஹேவிங்' (HAVING) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை 'உடைய', 'கொண்டிருத்தல்', 'குழுவடி' என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

முதலில் அது செய்யும் வேலையைப் பார்ப்போம். வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடையின் கடன் கொப்பியை அப்படியே அட்டவணையாக ஏற்றிவிட்டோம் என்று வையுங்கள். யாராவது கடனுக்குச் சாமான் வாங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நிரை: பெயர், திகதி, தொகை. "பத்தாயிரம் ரூபாவுக்கு மேல் கடன் வைத்திருக்கிறவர்கள் யார் யார்?" என்று முதலாளி கேட்கிறார். தொகை 10,000ஐ விடக் கூட என்று, எந்த நிரைகள் வேண்டும் எனச் சொல்லும் 'வேர்' (WHERE) பகுதியில் எழுதினால், ஒரே தடவையில் அவ்வளவுக்கு வாங்கியவர் மட்டுமே அகப்படுவார். ஐந்நூறு ஐந்நூறாக முப்பது தடவை வாங்கியவர் 15,000 ரூபா கடனோடு நழுவிவிடுவார். சரி, கூட்டுத்தொகையையே 'வேர்' பகுதியில் போடலாமே என்றால் தரவுத்தளம் வழு காட்டும். அங்கே நிரைகள் ஒவ்வொன்றாகத்தான் சோதிக்கப்படுகின்றன. கூட்டுத்தொகை இன்னும் பிறக்கவே இல்லை. பெயர்வாரியாகப் பிரித்து, அவரவர் கணக்கைக் கூட்டிய பிறகு நடக்கும் இரண்டாவது வடிப்புத்தான் ஹேவிங்.

இப்போது 'உடைய'. சேம்பர்லின், பாய்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1974இல் ஐபிஎம் நிறுவனத்தில் இந்த வினவல் மொழியை அறிமுகப்படுத்தியபோது, ஆங்கில வாக்கியம் போலவே வாசிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அங்கே 'ஹேவிங்' முன்னே நிற்கும், நிபந்தனை பின்னே வரும். நமக்கோ தலைகீழ்: 'பத்தாயிரத்துக்கு மேல் கடன் உடைய ஆட்கள்'. 'உடைய' நிபந்தனைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற சொல். தனியாகத் தலைப்பில் நிறுத்தினால் பாதியில் விட்ட பேச்சு மாதிரி இருக்கிறது. 'கொண்டிருத்தல்' தனியே நிற்கும், ஆனால் எதைக் கொண்டிருத்தல்? (ஒலிபெயர்ப்பே போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 'வேர்' என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், மரம்தான் ஞாபகம் வரும்.)

'குழுவடி' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. அப்புறம்தான் உறைத்தது: குழு, வடி சேர்ந்தாலும் குழுவடி, குழு, அடி சேர்ந்தாலும் குழுவடி. மாணவர் குழுவின் அடியில் எதையோ தேடுவார். இன்னொரு சிக்கலும் உண்டு. நிரைகளைக் குழுக்களாகப் பிரிக்கும் 'குரூப் பை' (GROUP BY) இல்லாமலே ஹேவிங் எழுதலாம். அப்போது எஞ்சிய நிரைகள் முழுவதும் ஒரே குழு. அதைக் குழு என்று சொல்ல வாய் வராது, திரள் என்று சொல்ல வரும்.

அதனால் என் முன்மொழிவு 'திரள்வடி'. கூட்டுத்தொகை, சராசரி, எண்ணிக்கை எல்லாமே திரளின் பெறுமானங்கள், வடிக்கப்படுவதும் திரள். 'அடி' சேர்ந்தால் 'திரளடி' என்றாகிவிடும், ஆகவே மயக்கமில்லை. 'வேர்' பகுதிக்கு 'நிரைவடி' என்று வைத்தால் இரண்டும் சோடியாக நிற்கும்: முதலில் நிரைவடி, பிறகு குழுவாக்கம், அதன்பின் திரள்வடி. வரிசையே பாடமாகிவிடுகிறது. 'வரிவடி' என்று மட்டும் வேண்டாம், 'வரிவடிவம்' அச்சுப்பிழையாகிவிட்டது என்று நினைப்பார்கள்.

சோறு வடிக்கிற 'வடி' தரவுத்தளத்துக்குக் கொஞ்சம் வீட்டுச்சொல்லாக இருக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. உயர்தர வகுப்புக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறவர்கள் இந்தச் சோடியை ஒரு பாடவேளை பாவித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.