தாய்வழிச் சமூகம்தானே, நவாஹோவுக்கு ஏன் இன்னும் ஒரு பெண் அதிபர்கூட வரவில்லை?

வெண்மணல்:
லிண்டா லவ்ஜாய் பற்றி நேற்று படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் செனட்டராக இருந்தவர். 2006-இல், அமெரிக்கப் பழங்குடிகளான நவாஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவாஹோ தேசத்தின் அதிபர் பதவிக்கு நின்று ஜோ ஷெர்லி ஜூனியரிடம் தோற்றார். 2010-இல் திரும்பவும் நின்றார், முதல் சுற்றில் அத்தனை பேரையும் முந்தி முதலிடம் பிடித்தார், இரண்டாம் இடத்தில் இருந்த பென் ஷெல்லியைப்போல் இரண்டு மடங்கு வாக்கு. ஆனால் நவம்பரில் அதே ஷெல்லியிடம் தோற்றுவிட்டார். எனக்குப் புரியாதது இதுதான்: பிள்ளை அம்மாவின் குலம், ஆட்டுக்கிடை பெண்ணுடையது, கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுப் பக்கம் குடிபோவது வழக்கம். இப்படி ஒரு ஊரில் பெண் தலைவராவதற்கு என்ன தடை? இன்னொரு பழங்குடியான செரோக்கிகள் 1987-லேயே வில்மா மேன்கில்லர் என்ற பெண்ணுக்குத் தலைமைப் பதவிக்கான ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்துவிட்டார்களே.

கேலப்_பழையவன்:
ஒரு கதை இருக்கிறது, அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஆதியில் முதல் ஆணுக்கும் முதல் பெண்ணுக்கும் சண்டை வந்து, ஆண்கள் எல்லாரும் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட்டார்கள். இக்கரையில் பெண்களின் விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது, பிறகு அரக்கர்கள் பிறந்தார்கள். அதனால் பெண் தலைமை ஏற்றால் ஊருக்குக் கேடு என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். லவ்ஜாய் நின்றபோது இதை மூடி மறைக்காமல் வெளிப்படையாகவே பேசினார்கள், பேசியவர்களில் பெண்களும் உண்டு.

நான் மூன்று வருஷம் நவாஹோ பகுதியை ஒட்டிய கேலப் ஊரில் வேலை பார்த்தவன். கூட வேலை செய்த நவாஹோ அம்மா ஒருவரிடம் மதியச் சாப்பாட்டின்போது இதைக் கேட்டேன். ஆட்டுக்கறிக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே, "அக்கரைக்குப் போன ஆம்பிளைகளும்தான் அங்கே திண்டாடினார்கள், அந்தப் பாதியைச் சொன்னார்களா?" என்றார். ஒருவர் இல்லாமல் மற்றவரால் முடியாது என்பதுதான் அவர் பாட்டி சொன்ன கதையாம்.

ஏட்டுச்சுரை:
கதை கிடக்கட்டும், அந்தப் பதவி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1920-களின் தொடக்கத்தில் அங்கே எண்ணெய் கிடைத்தது, குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மொத்த நவாஹோ மக்களுக்கும் சேர்த்து ஒரு அமைப்பு வேண்டும் என்று வாஷிங்டன் 1923-இல் மன்றத்தை உண்டாக்கியது. உறுப்பினர்கள் 12 பேர், எல்லாரும் ஆண்கள், தலைவர் ஹென்றி சீ டாட்ஜ். பெண்களுக்கு ஓட்டே சில வருஷம் கழித்துத்தான். அதாவது ஆடும் வீடும் பெண்ணிடம், கையெழுத்து ஆணிடம். அதிபர் என்ற பெயர்கூட 1991-இல் வந்ததுதான், அதுவரை சேர்மன். அப்புறம் எப்படி "எங்கள் பழைய மரபு பெண் அதிபரை ஒத்துக்கொள்ளாது" என்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை, அதிபரே பழைய மரபில் இல்லையே!

அதே டாட்ஜின் மகள் ஆனி வாவுனேகா 1951-இல் மன்றத்துக்குத் தேர்வானார். காசநோய் ஊரையே அரித்துக்கொண்டிருந்த காலம். வீடு வீடாகப் போய் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிக் கெஞ்சினார், மந்திரச் சடங்கு செய்யும் வைத்தியர்களிடமும் உட்கார்ந்து பேசினார், மருத்துவச் சொற்களுக்கு நவாஹோ மொழியில் அகராதியே தயாரித்தார். 1963-இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. ஒரு தேர்தலில் அவரை எதிர்த்து நின்றது அவருடைய சொந்தக் கணவர், அவரையும் தோற்கடித்தார். அன்று ராத்திரி வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ!

நடுவழி:
எல்லாவற்றையும் கதையிலும் வாஷிங்டனிலும் போடாதீர்கள். 2010-இல் வித்தியாசம் ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான், லவ்ஜாய்க்கு 30,000 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிற நிலம், 110 சாப்டர்கள் (உள்ளூர் நிர்வாகப் பிரிவுகள்), ஒவ்வொன்றிலும் போய் நின்று முதலில் அம்மா குலம், அப்பா குலம், இரண்டு தாத்தாக்களின் குலம் என்று நான்கையும் நவாஹோ மொழியில் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். மொழி விஷயத்தில் கறார்: 2014-இல் கிறிஸ் டெஷீன் சரளமாகப் பேசத் தெரியாதவர் என்று போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார், அவர் ஆண்தான். அதற்கடுத்த வருஷம் வாக்கெடுப்பு வைத்து, சரளமா இல்லையா என்பதை ஓட்டுப் போடுபவர்களே முடிவு செய்யட்டும் என்று மாற்றினார்கள். குழாய்த் தண்ணீர் இல்லாமல் பிக்கப் வண்டியில் தொட்டி வைத்துத் தண்ணீர் கொண்டுவருகிற வீடுகள் இன்றும் ஏராளம், அந்த வீட்டுக்காரர் கேட்பது குழாய் எப்போது வரும் என்பதைத்தான்.

அப்புறம், நிலைமை அப்படியே நிற்கவும் இல்லை. 2022 தேர்தலில் ரிச்செல் மொன்டோயா முதல் பெண் துணை அதிபரானார், 2023 ஜனவரியில் கிறிஸ்டலின் கர்லி மன்றத்தின் முதல் பெண் சபாநாயகர்.

வெண்மணல்:
நன்றி. கையெழுத்து விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்போ மன்றத்துக்குள் போன முதல் பெண் வாவுனேகாதானா?

ஏட்டுச்சுரை:
பல இடங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள், தப்பு. அவருக்கு முன்பே, 1946-இல், லில்லி நீல் என்பவர் தேர்வாகியிருக்கிறார். அப்பா பெயர் டாட்ஜ் இல்லாததால் யாருக்கும் ஞாபகம் இல்லை போல.