புதுப்பிப்பு: கைப்பட்டை காட்டுவது வியர்வையையா, புகைக்கும் உந்துதலையா?

சென்ற முறை வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. என் முனைவர் பட்ட ஆய்வில், புகைப்பழக்கம் உள்ளவர்களின் உந்துதலை அறிய அவர்கள் அணியும் கைப்பட்டை, அவர்கள் வெளியே நடக்கும்போதெல்லாம் தோலின் மின்கடத்துதிறனை (வியர்த்தாலும் மனம் கிளர்ந்தாலும் உயரும் அளவு) உயர்த்திக் காட்டியதால், சிங்கப்பூர்ப் புழுக்கத்தின் வியர்வையையும் புகைக்கும் உந்துதலையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தேன்.

உடல் அசைவை அளக்கும் முடுக்கமானியின் பதிவைக் கொண்டு நடந்த நிமிடங்களை நீக்கும் யோசனை பாதிதான் கைகொடுத்தது; நடந்து வந்து நின்ற பிறகும் வியர்வை உடனே அடங்குவதில்லை. தோல் வெப்பநிலையையும் கணக்கில் சேர்த்து, ஒவ்வொருவரையும் அவரவர் வழக்கமான அளவோடு மட்டுமே ஒப்பிடுமாறு ஓர் அன்பர் சொன்ன வழியே பலன் தந்தது. குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம்வரை நடப்பவரின் வரைகோட்டில், வெப்ப வியர்வையால் மெல்ல ஏறும் அடிமட்டமும், அதன்மேல் சில விநாடிகளில் எழுந்து தணியும் சிறு முகடுகளும் இப்போது தனித்தனியே தெரிகின்றன. ஒருவர் திடுக்கிட்டாலும் முகடு எழும் என்பதால், கைப்பேசியில் அவ்வப்போது அனுப்பும் குறுவினாவுக்கு வந்த பதிலோடு பொருத்திய பின்னரே அதை உந்துதல் எனக் கொள்கிறேன்.

எதிர்பாராதது ஒன்றுண்டு. ஆர்ச்சர்ட் சாலை வட்டாரத்தில் 2019 முதல் பொது இடங்களில் குறிக்கப்பட்ட பகுதிகளில் மட்டுமே புகைக்கலாம்; புகைக்கத் தோன்றினால் அதுவரை வெளியே நடக்க வேண்டும் என்பதால், அங்கே உந்துதலும் வெயிலும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. தரவை வடிகட்டும் எந்தக் கணக்கீட்டு முறையும் அவற்றைப் பிரிக்காது. அப்பதிவுகளைத் தனியே ஒதுக்கி, வினாக்களின் பதிலை மட்டும் கொண்டு ஆராய்கிறேன்.