குக்ரி கதை சொன்ன அன்று ஒரு பையன் கேட்டது

கடற்கரை டீச்சர்:
ஏழு வருடமாக உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். பாம்பன் பக்கம், எட்டாம் வகுப்பு. நம் கடற்படையின் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரி உங்களுக்குத் தெரிந்ததுதான், பாகிஸ்தானுடனான போரில் 1971 டிசம்பர் 9 இரவு குஜராத்தை ஒட்டிய டையூவுக்கு அப்பால் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோ பாய்ந்து மூழ்கியது, கேப்டன் முல்லா மற்றவர்களைத் தப்பிக்கச் சொல்லிவிட்டுக் கப்பலோடு போனார், 194 பேர் திரும்பவில்லை. சொல்லி முடித்துப் பலகையில் ‘தியாகம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "டீச்சர், எங்க போட்ல ஆள் விழுந்தா வலைய அறுத்து விட்டுட்டுத்தான் திரும்புவாங்க. அதுவும் இதுதானா?" என்றான். "அது வேற, இது வேற, உட்காரு" என்றேன். அந்த வருடம் முழுக்க அவன் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

திருவாடானைக்காரன்:
கோபிக்காதீர்கள் டீச்சர், குஜராத் கடல் வரை எதற்குப் போக வேண்டும்? நம் மாவட்டத்துக் கடுக்கலூர் ஹவில்தார் பழனி, 2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் உயிர்விட்ட 20 பேரில் ஒருவர், வீர் சக்ரா என்ற வீர விருது பெற்றவர். நான் என் வகுப்பில் அவரைப் பற்றித்தான் சொன்னேன். ஆனால் நானும் ஒரு தப்பு செய்தேன். ஒரு பிள்ளையின் அப்பா அப்போது லடாக்கில் டியூட்டி. பெருமையாக இருக்கட்டுமே என்று அவளை முன்னால் அழைத்து எல்லோரையும் கைதட்ட வைத்தேன். "எங்கப்பா வந்துருவாரு சார்" என்றாள். அந்தக் கைதட்டலில் அது என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

தொண்டி ஓய்வு ஹெட்மாஸ்டர்:
தூரத்துக் கதையா பக்கத்துக் கதையா என்பதில் ஒன்றும் இல்லை தம்பி. 1999இல் கார்கில் நிதிக்கு உண்டியல் வைத்தேன், ஒரு பையன் பஸ் காசைப் போட்டுவிட்டு வீடு வரை நடந்தே போயிருக்கிறான், மறுநாள்தான் தெரிந்தது. அவனுக்கு நான் எந்தக் கதையும் சொல்லவில்லை. சாவிலிருந்து தொடங்காதீர்கள். கப்பல் சாய்கிறது, யாரை முதலில் அனுப்புவாய் என்று கேட்டு அங்கேயே நிறுத்துங்கள், பிள்ளைகள் பேசட்டும். அவருக்குப் பயமே இல்லையா என்று கேட்டால், இருந்திருக்கும் என்று சொல்லுங்கள். ராணுவத்துக்குப் போகிறவர்கள் கை தூக்குங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், தூக்காத பிள்ளை கோழை என்று ஆகிவிடும். படைவீரர் வீட்டுப் பிள்ளை இருந்தால் முதல் நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் டீச்சர், அன்றைக்குக் கடலில் விழுந்தது யார் என்று அவனிடம் கேட்டீர்களா?

கடற்கரை டீச்சர்:
கேட்கவே இல்லை சார். நேற்று போய்க் கேட்டேன், இப்போது அவனும் விசைப்படகில்தான் போகிறான். விழுந்தது அவன் சித்தப்பா, தூக்கிவிட்டார்கள். அறுத்துவிட்ட வலை கடனுக்கு வாங்கியது. அதை அடைக்க மூன்று வருடம் ஆனதாம்.