அம்பாசடரில் அகல டயர்: வலது கொண்டை ஊசியில் மட்டும் உரசுகிறது, பின் ஸ்பிரிங்கை உள்ளே தள்ளலாமா?

கோத்தகிரி மார்க் ஃபோர்:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1986 அம்பாசடர் மார்க் 4. அப்பா ஓட்டியது, இப்போது என் கையில். மாதம் இரண்டு மூன்று தடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏற வேண்டியிருக்கும். போன ஐப்பசி மழையில் குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் பின்பக்கம் வழுக்கி, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அன்றிலிருந்து பஸ்ஸில்தான் போகிறார். அந்த வாரமே பழைய 5.90-15 நைலான் டயரைக் கழற்றிப் போட்டேன்.

இப்போது பின்னால் மட்டும் இரண்டும் 195/65 ஆர் 15 ரேடியல். அதற்காகப் பழையதைவிட ஒன்றரை அங்குலம் அகலமான இரும்பு ரிம். முன்னால் பழைய டயரே. பிடிப்பு கூடியிருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் நாலு பேர் ஏறினால் வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் இடது பின் சக்கரத்திலிருந்து "ஸ்ர்ர்" என்று உரசல். இடப்பக்கம் திரும்பினால் சத்தமே இல்லை. அப்புறம் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அதே சக்கரத்தில் "டக்" என்று ஒரு அடி.

கீழே சமவெளியில் ஒரு பட்டறையில் காட்டினேன். இரண்டு பக்க ஸ்பிரிங்கையும் ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி, புது பிராக்கெட் வெல்டிங் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அதற்கு மனசில்லை என்றால் மட்கார்டை வெட்டிவிடலாமாம். எனக்கு இரண்டுக்குமே மனசு வரவில்லை. செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கேத்திக்காரன்:

முதலில் ஒரு கேள்வி. டயரில் உரசிய தடம் உள்பக்கமா, வெளிப்பக்கமா? அது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் ஜோசியம்தான்.

கணக்கு இது. 5.90 என்றால் 5.9 அங்குல அகலம், அதாவது 150 மி.மீ. உங்களுடையது 195. மொத்தம் 45 மி.மீ. கூடுதல். ரிம்மின் நடுத்தகடு பழைய இடத்திலேயே இருந்தால் உள்ளே 22, வெளியே 22 என்று பிரிந்துகொள்ளும். புது ரிம் செய்தவர் தகட்டை எங்கே வைத்தார் என்று பாருங்கள். ரிம்மைக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு நேர்க்கோலை வைத்து, கோலிலிருந்து தகடு பிரேக் டிரம்மில் உட்காரும் இடம் வரை அளந்தால் போதும். பழைய ரிம்மையும் அப்படியே அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

விட்டத்தையும் கவனியுங்கள். பழைய டயர் ஏறக்குறைய 660 மி.மீ. உயரம், புதுசு 634 மி.மீ. வண்டி பின்னால் 13 மி.மீ. தாழ்ந்திருக்கும், ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது உண்மையில் 48தான் போவீர்கள். இறக்கத்தில் கியரில் போட்டு இறங்கும்போது இன்ஜின் கொஞ்சம் கூடப் பிடிக்கும். நம் ரோட்டுக்கு அது நல்லதே.

மசினகுடி ஜீப்:

ஸ்பேசர் போட்டு விடுங்க அண்ணா. 25 மி.மீ. ஒரு செட்டு வாங்கி டிரம்முக்கும் ரிம்முக்கும் நடுவில் வைத்தால் முடிந்தது. நான் என் ஜீப்பில் போட்டு நாலு வருஷமாக கல்லட்டி இறங்கிக்கொண்டிருக்கிறேன். 36 கொண்டை ஊசியிலும் ஒரு சத்தம் கிடையாது.

கேத்திக்காரன்:

ஜீப்பில் மட்கார்டு சக்கரத்தின் மேல் திறந்து கிடக்கிறது, டயர் வெளியே நீட்டினால் சேறு தெறிக்குமே தவிர எதிலும் இடிக்காது. அம்பாசடரின் பின் மட்கார்டு சக்கரத்தைப் பாதி மூடிக்கொண்டு நிற்கும். அதில் 25 மி.மீ. வெளியே தள்ளினால் உள்ளே இருக்கும் உரசல் வெளியே வரும், அவ்வளவுதான். பழைய ஸ்டட்டில், அதாவது சக்கர நட்டு ஏறும் மரைக் கம்பியில், நட்டு எத்தனை மரை பிடிக்கும் என்பதும் இருக்கிறது. ஸ்டட்டின் தடிமன் எவ்வளவோ, குறைந்தது அந்த நீளத்துக்காவது நட்டு ஏறியிருக்க வேண்டும். ஸ்டட்டை மாற்றாமல் ஸ்பேசர் மட்டும் நுழைப்பது கல்லட்டியில் விளையாட்டு இல்லை.

பழைய டெப்போ ஆள்:

தம்பி, நான் பஸ் டெப்போவில் ஸ்பிரிங் செக்‌ஷனில் இருந்து ஓய்வு பெற்றவன். கார் அனுபவம் குறைவுதான். ஆனால் ஸ்பிரிங் பட்டை பஸ்ஸிலும் ஒன்றுதான், உங்கள் காரிலும் ஒன்றுதான்.

நீங்கள் சொன்னதில் ஒன்று எனக்கு உறுத்துகிறது. டயர் அகலம்தான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் உரச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஏன்? டயர் இரண்டும் ஒரே அளவு, ரிம் இரண்டும் ஒரே ஆள் செய்தது. அப்படியானால் வண்டி கோணலாக இருக்கிறது.

நன்றாக யோசித்துப் பாருங்கள். வலப்பக்கம் திரும்பும்போது பாடி இடப்பக்கம் சாய்கிறது. டயர் ரோட்டைப் பிடித்து நிற்கிறது, பாடி மட்டும் வெளியே போகப் பார்க்கிறது. அதனால் இடது சக்கரத்தின் உள்பக்கத்தை நோக்கிப் பாடியின் உள்சுவர் நெருங்கி வரும். ஸ்பிரிங் விஷயம் வேறு. அது யூ போல்ட்டில், இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டப்பட்டது. ஆக்ஸில் போகும் இடத்துக்கு அதுவும் கூடவே போகும். டயர் ஸ்பிரிங்கின் நடுப்பாகத்தில் உரசினால் நேர் ரோட்டிலும் உரசும். வளைவில் மட்டும் உரசுகிறது என்றால் உரசுவது பெரும்பாலும் பாடி. அப்புறம் ஸ்பிரிங்கை உள்ளே தள்ளி என்ன பிரயோஜனம்?

இதில் இன்னொரு வேடிக்கை. இரண்டு ஸ்பிரிங்குக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அதன் வர்க்கத்துக்குத் தக்கபடிதான் அவை சாய்வைத் தாங்கும். ஒரு மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளினால் 92 செ.மீ. சொச்சம் ஆகிவிடும். தாங்கும் பலம் ஏறக்குறைய 15 சதவீதம் போச்சு. வண்டி இன்னும் அதிகமாகச் சாயும், சாய்ந்தால் இன்னும் அதிகமாக உரசும். காசு கொடுத்துச் செய்துகொள்ள வேண்டிய வேலையா இது? ஆக்ஸில் மேல் இருக்கும் ஸ்பிரிங் மேடையையும் வெட்டி ஒட்ட வேண்டும். அதில் ஒரு இம்மி கோணம் மாறினால், முன்னாலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சி கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிரும். அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். நாற்பது வருஷத்துத் தகட்டில் கண்ட இடத்தில் பிராக்கெட் ஒட்டினால் தகடு கிழியும்.

அதனால் அரை நாள் ஒதுக்கி இதைச் செய்யுங்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அந்த டயரின் இரண்டு பக்கச் சுவரிலும் பூசி, காய விட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டு கொண்டை ஊசி போய் வாருங்கள். எங்கே அழிந்திருக்கிறதோ அதுதான் பதில். அப்புறம் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் டிரம்மின் தகட்டிலிருந்து ஸ்பிரிங்கின் முன் பிராக்கெட் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மட்கார்டிலிருந்து அளக்காதீர்கள். டிங்கரிங் பார்த்த வண்டியில் இடமும் வலமும் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது. கடைசியாக ஷேக்கிள் புஷ்ஷில், அதாவது ஸ்பிரிங்கின் பின் முனையைப் பாடியோடு சேர்க்கும் இணைப்பின் ரப்பரில், கடப்பாரை வைத்து நெம்புங்கள். ரப்பர் இருக்கிறதா, இருந்த இடம் மட்டும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வெல்லிங்டன் வாசி:

பேன்ஹார்டு ராடு போடலாமே? ஒரு முனை பாடியில், ஒரு முனை ஆக்ஸிலில். ஆக்ஸில் பக்கவாட்டில் நகரவே நகராது. 900 மி.மீ. நீள ராடு படுக்கைவாட்டில் இருந்தால், சக்கரம் 75 மி.மீ. மேலே ஏறும்போது ஆக்ஸில் பக்கவாட்டில் 3 மி.மீ. மட்டுமே இழுபடும். குட்டையாகவோ சாய்வாகவோ போட்டால்தான் தொல்லை.

பழைய டெப்போ ஆள்:

போடலாம் சார், தப்பில்லை. ஆனால் புஷ் போன வண்டியில் ராடு போடுவது, பல் வலிக்குக் கன்னத்தில் கட்டுப் போடுகிற மாதிரி. முதலில் அளந்து வரட்டும்.

கோத்தகிரி மார்க் ஃபோர்:

அளந்துவிட்டேன் ஐயா. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சுண்ணாம்பு உள்பக்கச் சுவரின் மேல்பகுதியில் பிறை மாதிரி அழிந்திருந்தது. ஸ்பிரிங்கில் ஒட்டவே இல்லை, பாடியின் உள்சுவரில் வெள்ளைக் கோடு. வேகத்தடையில் வந்த அடி வேறு இடம்: டயரின் வெளித்தோள், மட்கார்டின் உள் மடிப்பில் இடிக்கிறது. ஆக ஒரு வியாதி இல்லை, இரண்டு.

ஆக்ஸில் வலப்பக்கம் 8 மி.மீ. நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. இடது பின் ஷேக்கிளில் ரப்பர் என்று ஒன்றும் இல்லை, கறுப்பு மாவு கொட்டியது. இடது ஸ்பிரிங் வலதைவிட ஏறக்குறைய 20 மி.மீ. தாழ்ந்து, பாரம் ஏற்றினால் நேராகிவிடுகிறது. அப்பா இருபது வருஷம் தனியாக ஓட்டியவர், பின் சீட்டின் இடப்பக்கம் எப்போதும் தேயிலை மூட்டை இருக்கும். அதனாலோ என்னவோ.

ரிம்மும் பார்த்தேன். தகடு சரியான நடுவில்தான் இருக்கிறது. இப்போது என்ன செய்ய? இடது ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போடலாமா?

பழைய டெப்போ ஆள்:

கூடுதல் பட்டை வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் போட்டால் கோணல் இன்னொரு தினுசில் வரும். இரண்டு பக்கமும் போட்டால் பின்பக்கம் இரும்பு மாதிரி ஆகி, தனியாகப் போகும்போது ஈர ரோட்டில் குதித்து வழுக்கும். நீங்கள் டயர் மாற்றியதே வழுக்கலுக்காகத்தானே?

இரண்டு ஸ்பிரிங் கட்டையும் இறக்கி ஸ்பிரிங் பட்டறையில் கொடுங்கள். வளைவு மட்டும் ஏற்றித் தரச் சொன்னால் சுத்தியலால் தட்டித் தந்துவிடுவார்கள், ஆறு மாதத்தில் மறுபடி படுத்துவிடும். பட்டையைக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துப் பதம் பார்த்துத் தருகிறவரிடம் கொடுங்கள். மெயின் பட்டை இரண்டையும் புதுசாகவே போட்டுவிடுங்கள். சென்டர் போல்ட் புதுசு, யூ போல்ட்டும் புதுசு, பழையதைத் திரும்பப் போடாதீர்கள். முக்கியமான ஒன்று: ஷேக்கிள் நட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் பாரம் முழுக்க இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று சீக்கிரம் கிழியும். முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு யூ போல்ட்டை ஒருமுறை பாருங்கள்.

லவ்டேல் சேகரிப்பாளர்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இரண்டு விஷயம்.

பின்னால் ரேடியல், முன்னால் நைலான் என்பது பொறுத்துக்கொள்ளக்கூடிய கலவை. மாற்றிப் போட்டால், அதாவது முன்னால் ரேடியலும் பின்னால் நைலானும் இருந்தால், வளைவில் பின்பக்கம் சுழற்றிவிடும். யாராவது சக்கரத்தை முன்பின் மாற்றிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலும் ரேடியலாக்குவதே சரி. பழைய நைலான் டயர் வழுக்கியதற்கு அகலம் குறைவு என்பதைவிட வயசு கூடிப்போனது காரணமாக இருக்கலாம். டயர் சுவரில் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். 2309 என்றால் 2009இன் 23ஆம் வாரம். ரப்பர் இறுகிப்போன டயருக்கு எவ்வளவு அகலம் இருந்தும் மழையில் பயனில்லை.

அடுத்தது, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. பதிவுப் புத்தகத்தில் இருப்பதற்கும் வண்டிக்கும் வித்தியாசம் வருகிற மாதிரி மாற்றக் கூடாது. புஷ், பட்டை மாற்றுவது பராமரிப்பு, யாரும் கேட்க மாட்டார்கள். பாடியில் பிராக்கெட் வெட்டி ஒட்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் புதுப்பித்தலில் இன்ஸ்பெக்டர் அடியில் டார்ச் அடிப்பார்.

கோத்தகிரி மார்க் ஃபோர்:

நைலான் டயரில் அந்த இலக்கம் படிக்கவே முடியவில்லை சார். அதுவே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு ஸ்பிரிங்கும் பிரித்து, மெயின் பட்டை புதுசு, எட்டு புஷ்ஷும் புதுசு. இப்போது ஆக்ஸில் இரண்டு பக்கமும் 1 மி.மீ. வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது. நேற்று நாலு பேர், இரண்டு மூட்டை முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கி ஏறினேன். வலது வளைவில் சத்தம் அடியோடு போய்விட்டது. வெல்டிங் ஒரு பொட்டுகூட வைக்கவில்லை.

வேகத்தடையில் மட்டும் இடது பக்கம் எப்போதாவது லேசாகத் தொட்டது. மட்கார்டின் உள் மடிப்பை மேல்நோக்கி மடித்துவிட்டோம். வெட்டவில்லை. பெயின்ட் இரண்டு இடத்தில் விரிசல் விட்டது. இங்கே அடிக்கிற பனிக்கும் மூடுபனிக்கும் துரு உடனே பிடிக்கும் என்று அன்றைக்கே பிரைமர் அடித்து மேலே சீலன்ட் பூசிவிட்டேன். அம்மா இன்னும் ஏறவில்லை, ஆனால் வாசல்வரை வந்து பார்த்தார்.

கேத்திக்காரன்:

நல்லது. ஒரு வேலை பாக்கி. பின் சக்கரத்தை ஒருமுறை கழற்றிப் பார்த்தீர்களா? பட்டறையில் இல்லை, ரோட்டில் நிற்கிற மாதிரி, வண்டியில் இருக்கும் ஜாக்கியை வைத்து?

கோத்தகிரி மார்க் ஃபோர்:

இன்று காலை பார்த்தேன். வரவில்லை! ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் டயர் மட்கார்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. பாடிக்கு அடியில் வைத்துத் தூக்கி, ஆக்ஸிலைத் தொங்கவிட்டு, கீழ்ப்பக்கத்தை முதலில் வெளியே சாய்த்தால்தான் வழுக்கிக்கொண்டு வருகிறது. அதற்கு வண்டியோடு வந்த ஜாக்கியின் உயரம் போதவில்லை, ஒரு பலகைத் துண்டு வேண்டியிருந்தது. அதை டிக்கியிலேயே போட்டுவிட்டேன்.

பழைய டெப்போ ஆள்:

ஸ்டெப்னி என்ன அளவு தம்பி?

கோத்தகிரி மார்க் ஃபோர்:

பழைய 5.90 ஐயா.

பழைய டெப்போ ஆள்:

அப்படியென்றால் அதைப் பின்னால் மாட்டிக்கொண்டு காட் ரோட்டில் இறங்காதீர்கள். ஒரு பக்கம் 660, ஒரு பக்கம் 634 என்றால் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நேர் ரோட்டிலும் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும், பிடிப்பும் இரண்டு பக்கம் இரண்டு மாதிரி. பக்கத்துப் பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாகப் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். அதே ரிம்மில் இன்னொன்று செய்யச் சொல்லுங்கள்.

கோத்தகிரி மார்க் ஃபோர்:

சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றார். அதுவரை அம்மா போகிற பஸ்ஸில் நானும்.